காலியாக இருக்க வேண்டிய வளையம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதற்கென்றே ஒரு கயிறு உண்டு. கட்டிப் போடுவதற்கு அல்ல, பிடித்துக்கொண்டு நடப்பதற்கு. நீல நிறக் கயிறு. அதில் வலமும் இடமுமாக ஒன்பது துணி வளையங்கள். வளையத்துக்கு ஒரு பிள்ளை. கடைசி மணி அடித்ததும் முன்னால் ஒரு பெரியவர் கயிற்றின் தலையைப் பிடிக்க, பின்னால் ஒரு பெரியவர் வாலைப் பிடிக்க, ஊர்வலம் புறப்படும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டுப் பிள்ளை வளையத்தை விட்டுவிட்டு, காத்திருக்கும் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஓடி ஒட்டிக்கொள்ளும். கடைசி வாசலுக்கு அப்புறம் கயிறு மட்டும் மிஞ்சும்.

இத்தனை நாளும் தலையைப் பிடித்து நடந்த ஓர் அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அந்த இடத்துக்கு ஆள் கேட்டபோது எல்லோரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். கை தூக்கியவர் ஒரே ஒருவர்தான், ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவர் கை தூக்கியதற்குக் காரணம் இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் வாயாடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த வாயையும் அடைக்கும் சக்தி உலகத்தில் ஒன்றுக்கு உண்டென்றால் அது பள்ளி வேன்தான். ஏறிய இரண்டாவது திருப்பத்தில் அவள் முகம் வெளிறும், மூன்றாவது திருப்பத்தில் பக்கத்துப் பிள்ளையின் பை வீணாகிவிடும்.

தலைமையாசிரியை மெக்கானிக்கை எதிரே உட்கார வைத்து ஒரு தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்.

"வாசல்லேருந்து வாசல் வரைக்கும் பிள்ளைங்க உங்க பொறுப்பு தம்பி. சட்டப்படியும் பொறுப்பு, மனசாட்சிப்படியும் பொறுப்பு. யார் பேரு குடுத்திருக்காங்களோ அவங்க கையிலதான் பிள்ளையை ஒப்படைக்கணும். மாமா வந்தாரு, சித்தி வந்தாங்கன்னு குடுத்துட்டு வரக் கூடாது. புரியுதா?"

"புரியுது டீச்சர்."

"இன்னைக்கு ஒத்திகைன்னு வெச்சுக்குங்க. ஒழுங்கா நடந்தா கயிறு உங்க கையில. ஏதாவது ஒண்ணு ஏடாகூடமாச்சுன்னா, கயிறைச் சுருட்டிப் பரண்ல போட்டுட்டு எல்லாப் பிள்ளைங்களையும் வேன்ல ஏத்திடுவேன். எனக்கும் வேற ஆள் இல்ல."

அன்று காலையில், ஆஸ்பத்திரிக்கு வேலைக்குக் கிளம்பிய அவர் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லியிருந்தாள்: "என்னங்க, ஒரு ஃபிரிட்ஜைக் கழட்டி மாட்டினா உங்களுக்கு நாலு ஸ்க்ரூ மிச்சம் வரும். அது பரவால்ல, ஃபிரிட்ஜ் ஓடிடும். இது பிள்ளைங்க விஷயம். மிச்சம் வெச்சுட்டு வந்துடாதீங்க."

"போடி, எனக்கு எண்ணத் தெரியாதா?"

"அப்பாவுக்கு நூறு வரைக்கும் தெரியும்மா" என்றாள் வாயாடி, தகப்பனுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்துக்கொண்டு.

பள்ளி விடும் நேரத்துக்குத் தூறல் பிடித்துக்கொண்டது. கயிற்றுப் பிள்ளைகளுக்கென்று பள்ளியில் மஞ்சள் மழைக்கோட்டுகள் உண்டு. வாசல் பக்கத்துச் சுவரில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கும். முழங்கால் வரை கோட்டு, மூக்கு வரை தொப்பி. மாட்டிவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மஞ்சள் மணிகள் போல இருக்கும்.

வழக்கமாக ஓர் ஆசிரியை வாசலில் நின்று, முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை வெளியே விடுவார். அன்றைக்கு எல்லா ஆசிரியர்களும் மண்டபத்தில் இருந்தார்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றியும், பள்ளிக்கும் பெற்றோருக்கும் உள்ள சட்டப் பொறுப்பு பற்றியும் பேசுவதற்கு ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். பேச்சைக் கேட்கப் பெற்றோர்களும் திரண்டிருந்தார்கள். எல்லோருடைய செல்போனையும் அணைத்துவைக்கச் சொல்லி உத்தரவு. ஆகவே வாசலில் இருந்தது வாட்ச்மேன் மட்டும்.

மெக்கானிக் கயிற்றின் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். படபடப்பில் தாடையை இழுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணினார். ஒன்பது வளையம், ஒன்பது கை. ஒரு வளையமும் காலியில்லை. வாட்ச்மேனும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். வாலைப் பிடித்திருந்த முட்டைக்கடை அக்கா சிவப்புக் கொடியை உயர்த்தி, "எல்லாம் கச்சிதம். கிளம்புங்க தம்பி, மழை வலுக்கிறதுக்குள்ள போயிடலாம்" என்றாள். மெக்கானிக்குக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இதற்குப் போய் இவ்வளவு பயந்தோமே!

சாலையைக் கடக்கும்போது பேசக் கூடாது என்பது கயிற்றின் சட்டம். கொடியைக் காட்டி, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, மஞ்சள் வரிசை சத்தமில்லாமல் கடந்தது. ஒரு லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார். கடந்த பிறகு பேச்சு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஒருவன் பாட்டு, ஒருத்தி விடுகதை, ஒரு இரட்டையர் ஜோடிக்குள் தண்ணீர்ப் புட்டி யாருடையது என்ற வழக்கு. தெருவில் தேங்கியிருந்த குட்டைகளில் எது ஆழம் என்று கால்களால் ஆராய்ச்சி. மெக்கானிக்குக்கு உற்சாகம் தலைக்கேறி, தானும் ஒரு குட்டையில் குதித்து முழங்கால் வரை நனைத்துக்கொண்டார்.

"அப்பா, நீ முன்னாடி போற ஆளு. கொஞ்சம் ஒழுங்கா நட" என்றாள் வாயாடி.

முதல் வீடு ஒரு மாடி வீடு. அங்கே குடியிருக்கும் பையன் ஒல்லி, அதோடு குத்தலான பேச்சு. அதனால் அவனைக் குண்டூசி என்று கூப்பிடுவார்கள். வாசலில் மெக்கானிக் நின்றார், கதவு திறக்கவில்லை. மேலே ஜன்னல் திறந்தது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு குண்டூசியே எட்டிப் பார்த்தான்.

"மாமா! நான்தான் காய்ச்சல்னு லீவு போட்டுட்டேனே. எங்க வீட்டுல ஏன் நிக்கறீங்க?"

மெக்கானிக்குக்குச் சட்டென்று காலைச் சேதி நினைவுக்கு வந்தது. குண்டூசிக்குக் காய்ச்சல், இன்றைக்கு எட்டுப் பேர்தான் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். இவரும் மண்டையை ஆட்டியிருந்தார். ஆனால் வாசலில் எண்ணும்போது...

குண்டூசி ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு அடுத்த கேள்வியைப் போட்டான். "அது இருக்கட்டும், என் கோட்டுக்குள்ள யாரு?"

மெக்கானிக் திரும்பினார். வரிசையின் நடுவில், எல்லாக் கோட்டும் முழங்காலில் நிற்க, ஒரே ஒரு கோட்டு மட்டும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. கைப்பகுதியை மூன்று மடிப்பு மடித்திருந்தது. அவர் குனிந்து தொப்பியைத் தூக்கினார். உள்ளே நாலு வயசு இருக்கும், ஒரு சின்னப் பெண். கன்னத்தில் மழைத்துளி, வாயில் பல் தெரியச் சிரிப்பு. இதுவரை பார்த்திராத முகம்.

 அவர் நிமிர்ந்து கயிற்றின் வால் பக்கம் பார்த்தார்.

"அக்கா, இது யாரு?"

"யாரா? உங்க சின்னதுன்னு நினைச்சேன்!" என்றாள் முட்டைக்கடை அக்கா. "உங்க பொண்ணு பின்னாடியே நின்னுட்டு வருதே."

"எனக்கு ஒண்ணுதான்க்கா."

"ஐயையோ! அப்ப இது யார் பெத்த பிள்ளை?"

மெக்கானிக் மகளைப் பார்த்தார். "ஏண்டி, நாள் பூரா பேசறியே, இதைச் சொல்லத் தோணலியா?"

"குண்டூசிக்குப் பதிலா அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சோம்பா" என்றாள் வாயாடி. மற்ற பிள்ளைகளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். டீச்சர் வராவிட்டால் இன்னொரு டீச்சர் வருவதில்லையா? அவர்கள் அதற்குள் அவளுக்குப் 'புதுசு' என்று பெயரும் வைத்து, குட்டையில் குதிக்கவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

மெக்கானிக் ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, உன் பேரு என்ன?"

"தெரியாதவங்ககிட்ட பேர் சொல்லக் கூடாது" என்றாள் புதுசு.

"நான் தெரியாதவன் இல்லம்மா. இதோ, இவளோட அப்பா."

புதுசு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாரும் யாருக்காவது அப்பாதான்."

முட்டைக்கடை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரியான ஆளா இருக்கே! இங்க வா தங்கம், பிஸ்கட் தரேன். உங்கம்மா பேரு என்ன, சொல்லு பாப்போம்."

"பிஸ்கட் குடுத்துட்டுக் கேள்வி கேட்டா ரெண்டுமே வேண்டாம்னு சொல்லணும்." சொன்னாளே தவிர, கண் பிஸ்கட்டை விட்டு நகரவில்லை. "ரகசிய வார்த்தை தெரியுமா உங்களுக்கு? அதைச் சொன்னா வருவேன்."

"என்ன வார்த்தை?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் எப்படி ரகசியம்?"

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "ஒட்டகச்சிவிங்கி!" "பென்சில் சீவி!" "உங்கப்பா மூக்கு!" என்று ஆளாளுக்கு வீசினார்கள். ஒவ்வொன்றுக்கும் புதுசு தலையை ஆட்டி, "இல்ல்ல்ல" என்று ராகம் போட்டாள். ஜன்னலிலிருந்து குண்டூசியும் தன் பங்குக்கு, "கோட்டுத் திருடி!" என்றான்.

"போதும், யாரும் கேக்காதீங்க" என்றார் மெக்கானிக். "கண்ணு, நீ பண்றதுதான் சரி. பேரையும் சொல்லாதே, வார்த்தையையும் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன். வழி தவறிட்டா என்ன செய்யணும்னு அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்களா?"

புதுசு இந்தக் கேள்வி பாடத்திட்டத்துக்குள் வருகிறதா என்று கொஞ்சம் யோசித்தாள். வருகிறது போலும். "கடைசியா அம்மாவைப் பார்த்த இடத்துக்குப் போய் அங்கேயே நிக்கணும்."

"கடைசியா எங்கே பார்த்தே?"

"மைக்ல."

மெக்கானிக்கும் முட்டைக்கடை அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் அன்றைக்கு மைக்கைப் பிடித்திருந்த அம்மா ஒருவர்தான். பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் வக்கீலம்மா.

"செத்தோம்" என்றாள் முட்டைக்கடை அக்கா. "போயும் போயும் வக்கீல் வீட்டுப் பிள்ளையையா கடத்திட்டு வரணும்?"

மெக்கானிக் பள்ளிக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. தலைமையாசிரியைக்குப் போட்டார், அணைத்துவைக்கப்பட்டிருந்தது. வாட்ச்மேனிடம் போனே கிடையாது.

முட்டைக்கடை அக்கா குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இது நம்ம கணக்குலயே இல்லாத பிள்ளை. தாள்ல கையெழுத்துப் போட்டீங்களே, அதுல இவ பேரு இருக்கா? இல்ல. எல்லாரும் மண்டபத்துல இருக்காங்க. நான் இவளைத் தூக்கிட்டுப் போய்ப் பின் கேட்டு வழியா உள்ளே விட்டுட்டு ஓடி வந்துடறேன். நீங்க மத்ததுங்களைக் கூட்டிட்டுப் போங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுடும். இல்லேன்னா கயிறு உங்க கையில நிக்காது."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவளும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மெக்கானிக் மகளைப் பார்த்தார். வாயாடியின் வாய் மூடியிருந்தது. வேன் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை என்றாலும், அவள் முகத்தில் அந்த இரண்டாவது திருப்பம் வந்துவிட்டிருந்தது.

அவர் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"பேரு இல்லாம இருக்கலாம்க்கா. கயிறைப் பிடிச்சிருக்கிற கையாச்சே. பிடிச்சிருக்கிற வரைக்கும் அது நம்ம பிள்ளைதான். பின் கேட்டுல விடறதுன்னா யாரு கையில விடறது? அங்கே ஒரு செடியும் தண்ணித் தொட்டியும்தான் இருக்கு. எல்லாரும் திரும்பிப் போறோம். கயிறு கலையாம போறோம்."

"மறுபடியும் ஸ்கூலுக்கா!" என்று எட்டுப் பேரும் கோரஸாக அலறினார்கள். ஒரே நாளில் இரண்டு தடவை பள்ளிக்கூடம் போகும் கொடுமை அவர்கள் அனுபவத்தில் இதுவரை இல்லாதது.

அலறல் அடங்குவதற்குள் முட்டைக்கடை அக்கா காரியத்தில் இறங்கினாள். அவளுக்குப் போன் கையில் இருந்தால் போதும், தபால் இலாகாவே தேவையில்லை. வாசலில் காத்திருக்கும் பெற்றோர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு, "பிள்ளைங்க பத்திரம். எதுவும் குறையல. ஒண்ணு அதிகமா இருக்கு, திருப்பிக் குடுத்துட்டு வரோம். லேட்டாகும்" என்றாள். அந்தச் சேதி ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குப் பறந்தது. பிள்ளை குறைந்தால் பதறத் தெரியும், அதிகமானால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எதற்கும் நேரில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

கயிறு சாலையைக் கடப்பதற்குள் ஓர் அம்மா மாவு ஒட்டிய கையோடு வந்து சேர்ந்தாள். இரட்டையரின் அப்பா பாதி முகம் வழித்தும் பாதி முகம் நுரையுமாக ஓடி வந்தார். "எங்கே, எங்கே அந்த அதிகப் பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே தம் பிள்ளைகளை இரண்டு முறை எண்ணிக்கொண்டார். தூறல் நின்று வெயில் எட்டிப் பார்த்தது. மழைக்கோட்டுகள் பளபளத்தன. அதே லாரி டிரைவர் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தவர், வண்டியை நிறுத்தி, வரிசை இருமடங்காகிவிட்டதைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

புதுசு மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "நீங்க தினமும் இப்படித்தான் போவீங்களா?"

"இன்னைக்குத்தான் முதல் நாள்."

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் அவள், நற்சான்று வழங்குவது போல.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான்தாங்க கை மடிச்சு விட்டேன்! கோட்டு பெரிசா இருக்கே, ஏம்மா வேற கோட்டு இல்லியான்னு கேட்டேன். 'இல்ல தாத்தா'ன்னுச்சு. சரின்னு மூணு மடிப்பு மடிச்சு, பட்டன் போட்டு, நானே வளையத்தைக் கையில குடுத்தேன். வளையம் காலியா இருந்துச்சு, பிள்ளை சும்மா நின்னுச்சு, கணக்கு சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

மண்டபத்தின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே கூட்டம் நிறைந்திருந்தது. மேடையில் வக்கீலம்மா, கறுப்புக் கண்ணாடிச் சட்டத்தை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டு, சட்டைக் காலரில் செருகிய சின்ன மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். குரல் நான்கு ஒலிபெருக்கிகளிலும் கணீரென்று விழுந்தது.

"...நம் குழந்தை இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் உடனே பதில் சொல்வோம்? 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று நானும், 'இவர் பார்த்துக்கொள்வார்' என்று அவரும் நினைத்தால், நடுவில் குழந்தை யார் பொறுப்பு?"

வாசலில் மஞ்சள் கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை உயர்ந்தது. "அம்மா! நான் இங்கே இருக்கேன்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. வக்கீலம்மா பேச்சை நிறுத்தினார். முகத்தில் வழக்கமான புன்னகை ஒரு கணம் இருந்தது. அடுத்த கணம் வாசலில் நிற்கும் கயிறும், சேறு படிந்த கால்களும், நுரை முகத்து அப்பாவும், அத்தனையும் சேர்ந்து அவருக்கு அர்த்தமாயின. மேடைக்குப் படி இருப்பதை மறந்து அப்படியே குதித்து ஓடி வந்தார்.

"நீ ஆயாகிட்ட இல்ல இருந்தே!"

"அவ உங்ககிட்ட வந்துட்டான்னு இல்ல நான் நினைச்சேன்!" என்று பின்வரிசையிலிருந்து பள்ளி ஆயாவின் குரல் வந்தது.

வக்கீலம்மா இரண்டு கையையும் நீட்டினார். எல்லோரும் எதிர்பார்த்தது ஓர் அணைப்பை. ஆனால் புதுசு ஓர் அடி பின்னால் நகர்ந்து, வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ரகசிய வார்த்தை."

"ஏய், நான் அம்மாடி!"

"அம்மான்னாலும் கேக்கணும்னு நீதானே சொன்னே."

வக்கீலம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து மகளின் காதில் கிசுகிசுத்தார். அவர் மறந்தது, காலரில் மைக் இருப்பதை.

"வெள்ளரிக்காய்" என்றன நான்கு ஒலிபெருக்கிகளும்.

 முதல் வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது பின்வரிசை வரை ஓடியது.

"அது பழசு" என்றாள் புதுசு.

"நீல ஒட்டகம்?" என்று அதிர்ந்தது மண்டபம்.

"அது அதுக்கும் பழசு! வார்த்தையை அடிக்கடி மாத்தணும்னு நீதான் சொன்னே. ஞாயித்துக்கிழமை மாத்தினோம்."

பாவம் வக்கீலம்மா. நீதிமன்றத்தில் எத்தனையோ சட்டப் பிரிவுகளை வரிசை பிசகாமல் ஒப்பிக்கிறவர், தாமே கண்டுபிடித்த ஒரு வார்த்தைக்காக மேலே விட்டத்தைப் பார்த்தார், கீழே தரையைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். தலைமையாசிரியை வேகமாக வந்து, "தம்பி, என்ன பாத்துட்டு நிக்கறீங்க? அவங்க அம்மாதான்னு எனக்குத் தெரியும், குடுங்க" என்றார்.

"எனக்குத் தெரியுது டீச்சர்" என்றார் மெக்கானிக் பணிவாக. "ஆனா வழியெல்லாம் நான்தான் இவகிட்ட, 'நீ பண்றதுதான் சரி'ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். இப்ப மாத்திச் சொன்னா இவ அப்புறம் யார் பேச்சை நம்புவா? அம்மாவுக்கு ஒரு நிமிஷம் குடுங்க. ஞாபகம் வந்துடும்."

வக்கீலம்மா தலை நிமிர்ந்து அந்த ஈரச் சட்டை ஆளை முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு காலரிலிருந்து மைக்கைக் கழற்றி, முட்டைக்கடை அக்காவின் கையில் கொடுத்தார். ஈரத் தரையென்றும் பாராமல் மகளுக்கு எதிரே மண்டியிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தோம், எங்கே உட்கார்ந்திருந்தோம், எதைப் பார்த்துச் சிரித்தோம்? உதட்டோரம் மெதுவாக ஒரு சிரிப்பு கிளம்பியது. குனிந்து காதோடு காதாக எதையோ சொன்னார்.

புதுசு கலகலவென்று சிரித்து, வளையத்தை விட்டுவிட்டு, கோட்டோடு தாயின் கழுத்தில் தாவினாள். மண்டபம் கைதட்டியது. அந்த வார்த்தை என்ன என்று தெரிந்துகொள்ள அத்தனை பேருக்கும் நாக்கு துறுதுறுத்தது. ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

அதற்கப்புறம் வர வேண்டியது வந்தது. "இது எப்படி நடந்துச்சு?" என்றார் தலைமையாசிரியை.

"என் தப்புதான் டீச்சர்" என்றார் மெக்கானிக். "எட்டுப் பேர்னு நீங்க சொன்னீங்க. நான் ஒன்பது வளையமும் நிறைஞ்சிருக்கான்னு மட்டும் பாத்தேன். கையைத்தான் எண்ணினேன், முகத்தைப் பாக்கல. ஒரு வளையம் காலியா இருந்திருக்கணும்."

"இல்லம்மா, நான்தான் வளையத்தைக் கையில குடுத்தது" என்று வாட்ச்மேன் முன்னால் வந்தார். "நான் கண்ணை எடுத்திருக்கக் கூடாது" என்றாள் ஆயா. "நான் அவர் பிள்ளைன்னே முடிவு பண்ணிட்டேன்" என்று முட்டைக்கடை அக்கா கையிலிருந்த மைக்கில் சொல்ல, அது ஊருக்கே கேட்டது.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற வக்கீலம்மா சிரித்துவிட்டார். "ஆளாளுக்குக் குற்றத்தை ஒத்துக்கிட்டா நான் எப்படிப் பிழைக்கிறது? பட்டியல்ல முதல்ல என்னைப் போடுங்க. ஆயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி ஒப்படைக்காம, அவங்க பக்கத்துல உக்கார வெச்சுட்டு மேடை ஏறிட்டேன். பேசின பேச்சை நானே கேக்கல."

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இங்கே எல்லாரும் பேச்சுல இருந்தோம். சத்தமில்லாம பின்பக்கமா விட்டுட்டுப் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. கயிறும் உங்ககிட்டயே இருந்திருக்கும். அது தோணலியா?"

முட்டைக்கடை அக்கா மைக்கைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தோணுச்சு டீச்சர்" என்றார் மெக்கானிக். "ஆனா அங்கே வாங்கிக்க ஆள் இல்லியே. ஆள் இல்லாத இடத்துல பிள்ளையை எப்படி ஒப்படைக்கிறது?"

வாயாடி தகப்பனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியையின் வாயையே பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"தப்பு தப்புதான்" என்றார். "உங்க தப்பு பாதி, என் தப்பு பாதி. வாசல்ல நிக்க வேண்டிய டீச்சரை நான்தான் பேச்சுக் கேக்க உக்கார வெச்சேன். இனிமே வானமே இடிஞ்சு விழுந்தாலும் பள்ளி விடற நேரத்துல வாசல்ல ஒரு டீச்சர் இருப்பாங்க. நீங்களும் வளையத்தை எண்ணாதீங்க, முகத்தை எண்ணுங்க. நாளைக்கும் நீங்கதான் வரணும். லேட்டா வந்தா எனக்குப் பிடிக்காது."

வாயாடி போட்ட கூச்சலில் ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

புதுசு கோட்டைக் கழற்ற மறுத்தாள். நாளைக்கும் வருவேன், குண்டூசிக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று வாதாடினாள். வாதத் திறமை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. கடைசியில், கோட்டைத் தானே ஆணியில் மாட்ட அனுமதித்தால் சரி என்று சமரசம் ஆயிற்று. வாட்ச்மேன் தூக்கிப் பிடிக்க, மாட்டினாள்.

கயிறு மறுபடி வாசலில் நின்றது. கூட வந்த பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை அங்கேயே கூட்டிப்போக முடியும்தான். ஆனால் பிள்ளைகள் யாரும் வளையத்தை விடவில்லை. மண்டபத்துக் கூட்டமும் படிகளில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. மெக்கானிக் கயிற்றின் தலையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, வரிசையின் ஓரமாக நடந்தார். முதல் பிள்ளையின் தொப்பியைத் தூக்கி முகத்தைப் பார்த்தார். அவன் நாக்கைத் துருத்தினான்.

"ஒண்ணு" என்றார்.

அடுத்தவள் மாறுகண் காட்டினாள். "ரெண்டு." இரட்டையர் கன்னத்தை உப்பி ஒருவர் மூக்கை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். "மூணு, நாலு." ஒவ்வொரு தொப்பிக்கடியிலும் ஒரு புதுக் கோணங்கி. கடைசியில் வாயாடி, தாடையை இழுத்து, கண்ணைச் சுருக்கி, கயிற்றைப் பார்த்துப் படபடக்கும் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் முகத்தை அச்சு அசலாகச் செய்து காட்டினாள்.

மெக்கானிக்குக்குச் சிரிப்புத் தாளவில்லை. எண்ணிக்கை ஏழோடு நின்றுவிட்டது.

"அப்பா, என்னை எண்ணு!" என்றாள் அவள், முகத்தைக் கலைக்காமல்.

"எட்டு" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கயிற்றின் தலையைத் திரும்ப வாங்கினார்.